பழைய மோட்டார் சைக்கிளுக்கு ரியூப்பா, ரியூப்லெஸ்ஸா? ரயரைப் பார்க்குமுன் றிம்மைப் பாருங்கள்

ஆசிரியருக்கு,

தங்கள் பத்திரிகையின் வார இறுதிப் பக்கங்களில் அண்மையில் வெளிவந்த வாகனப் பராமரிப்புக் குறிப்பொன்றில், பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருப்போர் ரியூப் ரயர்களைக் கைவிட்டு ரியூப்லெஸ் ரயர்களுக்கு மாறிவிடுவதே புத்திசாலித்தனம் என்றும், கம்பிச் சில்லாக இருந்தாலும் கம்பித் துவாரங்களைச் சிலிக்கன் பூசி அடைத்துவிட்டால் போதும் என்றும் எழுதப்பட்டிருந்தது. முதற் கூற்றில் பாதி உண்மை இருக்கிறது. இரண்டாவது கூற்று ஆபத்தானது. அந்த ஆபத்தை என் சொந்த வண்டியிலேயே கண்டவன் என்ற முறையிலும், உத்தியோக காலம் முழுவதையும் வன்னியின் குளக்கட்டுகளிலும் வாய்க்கால் ஓரங்களிலும் மோட்டார் சைக்கிளில் அலைந்தே கழித்தவன் என்ற முறையிலும் இதனை எழுதுகிறேன்.

என்னிடம் உள்ளது 1950களில் தயாரான றோயல் என்பீல்ட் புல்லட் 350. மலையகத் தோட்ட உத்தியோகத்தர் ஒருவரிடமிருந்து என் தந்தையார் வாங்கியது. இரண்டு சில்லுகளும் 19 அங்குலம். ரயர் அளவு முன்னும் பின்னும் 3.25–19. ஒவ்வொரு சில்லிலும் 40 கம்பிகள். 1955ஆம் ஆண்டு முதல் இதே வண்டி சென்னையிலும் பொருத்தப்பட்டுப் பின்னர் அங்கேயே முழுமையாகத் தயாரிக்கப்பட்டதால், எழுபது ஆண்டு கடந்த பிறகும் இந்த அளவில் ரயர் இந்தியாவிலிருந்து கிடைத்துக்கொண்டிருக்கிறது என்பது எம் போன்றோரின் அதிர்ஷ்டம். எத்தனையோ பிரித்தானிய வண்டிகள் எஞ்சின் பழுதாகி அல்ல, சில்லுக்கு ரயர் கிடையாமலே கொட்டிலுக்குள் முடங்கின.

நாற்பது கம்பிகள் என்று சொன்னேன் அல்லவா? விடயம் முழுவதும் அந்த எண்ணிக்கைக்குள்தான் இருக்கிறது. ஒவ்வொரு கம்பியும் றிம்மைத் துளைத்துக்கொண்டு உள்ளே வந்து, சிறு மறையாணி ஒன்றினால் இறுக்கப்படுகிறது. ஆகவே றிம்மில் கம்பிகளுக்கென 40 துவாரங்களும் வால்வுக்கென ஒரு துவாரமும் உள்ளன. காற்றைத் தாங்குவது ரியூப் என்பதால் அத்துவாரங்களைப் பற்றி எவரும் கவலைப்படத் தேவையிருக்கவில்லை. ரியூப்லெஸ் ரயரிலோ காற்றைத் தாங்குவன இரண்டு: ஒன்று, ரயரின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் காற்றுப் புகாத பியூற்றைல் இறப்பர் படை, மற்றது றிம். றிம்மில் ஓர் ஊசித் துவாரம் இருந்தாலும் அது காற்றுத் தாங்காது. அமெரிக்கப் புதிய கார்களுக்கு ரியூப்லெஸ் ரயர் பொதுவானது 1955ஆம் ஆண்டளவில். மோட்டார் சைக்கிள்களுக்கு அது வந்தது, கம்பிகளே இல்லாத வார்ப்புச் சில்லுகள் பரவத் தொடங்கிய 1970களின் பிற்பகுதியில். எனவே என் புல்லட்டின் சில்லை வடிவமைத்தவர்கள் இப்படியொரு ரயர் தங்கள் வண்டிக்கு வரும் என்று எண்ணியிருக்கவே முடியாது.

துவாரங்களை அடைத்துவிட்டால் என்ன என்ற கேள்வி நியாயமானது. மூன்று ஆண்டுகளுக்கு முன் எனக்கும் அது நியாயமாகவே தோன்றியது. நகரத்து ரயர் கடையொன்றில் இருந்த இளைஞர், "ஐயா, இனி ரியூப் ஒட்டுற வேலையே இருக்காது" என்று நம்பிக்கையோடு சொன்னார். பின் சில்லைக் கழற்றி, றிம்மின் உட்புறத்தை அரத்தாளால் தேய்த்து, ஒவ்வொரு மறையாணியின் மேலும் சிலிக்கன் பூசி, ஒரு நாள் காயவிட்டு, 90/90–19 அளவு ரியூப்லெஸ் ரயர் ஒன்றை ரியூப் இன்றிப் பூட்டித் தந்தார். முதல் வாரம் ஒரு குறையும் இல்லை. இரண்டாம் வாரம் தொடக்கம் காலையில் சில்லு சற்றுச் சப்பையாக நின்றது, காற்றடித்துவிட்டு ஓடினேன். அது எனக்குத் தந்த எச்சரிக்கையை நான் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்றாம் வாரத்தில், மாங்குளம்–முல்லைத்தீவு வீதியில் ஒட்டுசுட்டானைத் தாண்டி, மதகொன்றை அடுத்த வளைவில் வண்டியைச் சரித்தபோது, பின் ரயரின் விளிம்பு றிம்மின் நடுப்பள்ளத்துக்குள் நழுவி, இருந்த காற்று முழுவதும் ஒரே மூச்சில் வெளியேறியது. வேகம் ஐம்பதுக்கு மேல் இல்லை; விழுந்த இடம் புல். முழங்கை உரசியதோடு தப்பினேன். அதே வளைவில் எதிரே பேருந்து ஒன்று வந்திருந்தால் இக்கடிதத்தை எழுத ஆள் இருந்திராது.

ரயரைக் கழற்றிப் பார்த்தபோது காரணங்கள் தெளிவாகவே கிடந்தன. மூன்று மறையாணிகளின் மேல் சிலிக்கன் தோல் போல உரிந்திருந்தது. கம்பிச் சில்லு உயிருள்ள பொருள். சுமை மேலிருந்து கீழாகச் சுழலும்போது ஒவ்வொரு கம்பியும் ஒரு சுற்றில் ஒரு முறை இறுகித் தளர்கிறது, மறையாணி மயிரிழையளவு அசைகிறது, அந்த அசைவு ஒரு நாளில் பல்லாயிரம் தடவை நிகழ்கிறது. கிறவல் வீதியில் அது இன்னும் கூடும். அதற்கு மேல், கம்பி தளர்ந்து சில்லு நெளிந்தால் மறையாணியைத் திருகி நேராக்க வேண்டும். திருகினால் அடைத்தது போய்விடும். அடைப்பைக் காப்பாற்ற நெளிந்த சில்லோடு ஓடுவதா, சில்லை நேராக்க அடைப்பை உடைப்பதா? இந்த இக்கட்டைப் பற்றித் தங்கள் குறிப்பில் ஒரு சொல்லும் இல்லை.

இருப்பினும் என்னை விழுத்தியது சிலிக்கன் மட்டுமல்ல, றிம்மின் வடிவமும்தான். இதனை எம்மிடையே அறிந்தோர் குறைவு என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். ரியூப்லெஸ் ரயருக்கென்று செய்த றிம்மில், ரயரின் விளிம்பு உட்காரும் இடத்துக்கு உட்பக்கமாகச் சுற்றிவர ஒரு சிறு மேடு இருக்கும். காற்றுக் குறைந்தாலும் ரயர் விளிம்பை உள்ளே நழுவ விடாமல் தடுப்பது அந்த மேடு. அத்தகைய றிம்களில் "எம்.ரி." என்ற எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். பழைய றிம்களில் இருப்பது "டபிள்யூ.எம்." என்ற எழுத்துகள், அவற்றில் அந்த மேடு கிடையாது. துவாரங்களை எந்தப் பசை கொண்டு எவ்வளவு திறமையாக அடைத்தாலும் இல்லாத மேட்டைப் பசையினால் உண்டாக்க முடியாது. ரியூப்லெஸ்ஸின் பெரும் பாதுகாப்பு, காற்று மெதுவாக இறங்கும்போதும் ரயர் றிம்மிலேயே நிற்பதுதான் என்றால், மேடில்லாத றிம்மில் அந்தப் பாதுகாப்பு எங்கிருந்து வரும்?

துருவையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். 2010இல் நாங்கள் மீளக்குடியமர்ந்தபோது, வீட்டுக்குக் கூரை இல்லை; வண்டியின் ரயர்கள் எரிந்துபோயிருந்தன; சட்டமும் றிம்களும் எஞ்சின. அந்த றிம்களைத்தான் தேய்த்துத் துலக்கி இன்றும் பாவிக்கிறேன். ரயர் விளிம்பு உட்காரும் இடத்தில் அம்மைத் தழும்பு போலப் புள்ளிப் பள்ளங்கள் உள்ளன. ரியூப்புக்கு அது பொருட்டல்ல. ரியூப்லெஸ் ரயருக்கு ஒவ்வொரு பள்ளமும் ஒரு கசிவு. முல்லைத்தீவுக் கரையோரத்திலும் பூநகரிப் பக்கத்திலும் உப்புக் காற்றில் நிற்கும் வண்டிகளின் றிம்கள் என்னுடையதை விட நல்ல நிலையில் இருக்கும் என்று நான் நம்பவில்லை.

இதற்காக ரியூப்லெஸ்ஸைத் தூற்றுவது என் நோக்கமல்ல. என் மகனின் வண்டி வார்ப்புச் சில்லு, ரியூப்லெஸ். ஒரு நாள் புளியங்குளத்தில் பின் ரயரில் ஏறிய ஆணியோடே அவர் வவுனியா வரை போய்ச் சேர்ந்தார். ஆணி தன் துவாரத்தைத் தானே அடைத்துக்கொண்டு நின்றது. கடையில் சில்லைக் கழற்றாமலே ஆணியைப் பிடுங்கி, இறப்பர் திரியைச் செருகி, பத்து நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். ரியூப் அப்படியல்ல. அது இழுபட்ட நிலையில் இருக்கும் மெல்லிய இறப்பர்; முள் குத்தினால் துவாரம் விரியும், காற்று கம்பித் துவாரங்கள் வழியே நொடியில் போய்விடும். முன் சில்லில் அது நிகழ்ந்தால் கையில் வண்டி நில்லாது. ஏ9 வீதி காபெட் ஆனபிறகு எல்லோருடைய வேகமும் கூடிவிட்டது. அந்த வேகத்துக்கு ரியூப்லெஸ்தான் ஏற்றது என்பதை மறுப்பவன் அல்லன். ஆனால் அந்தப் பாதுகாப்பு ரயரும் றிம்மும் சேர்ந்து தருவது. பாதியை மட்டும் வாங்கிப் பூட்டினால் பாதிப் பாதுகாப்பும் கிடையாது.

வன்னிக்கே உரிய இன்னொரு நியாயமும் உண்டு. ரியூப்லெஸ் ரயர் திரி செருகும் அளவுக்கு மேல் பழுதாகி ஒருமுறை கழன்றுவிட்டால், அதன் விளிம்புகளை மறுபடி றிம்மில் உட்காரவைக்கக் காற்று ஒரேயடியாகப் பாய வேண்டும். அதற்கு மின்சாரக் காற்றழுத்தி வேண்டும். மாங்குளத்துக்கும் ஒட்டுசுட்டானுக்கும் இடைப்பட்ட காட்டிலோ, துணுக்காயிலிருந்து உள்ளே போகும் ஒழுங்கைகளிலோ அது எங்கே இருக்கிறது? ரியூப்பை எந்தச் சந்தியிலும் சைக்கிள் கடைக்காரர் ஒட்டுவார். அவரும் இல்லாவிட்டால் இரண்டு நெம்புகோல், ஒரு துண்டு அரத்தாள், சொலூஷன், ஒட்டு, சைக்கிளுக்கு அடிக்கும் பம்பி ஆகியவற்றோடு பாலை மர நிழலில் இருந்து நாமே ஒட்டலாம். நான் ஒட்டியிருக்கிறேன், உடைமுள்ளும் விளாமுள்ளும் நிறைந்த குளக்கட்டுகளில் உத்தியோகம் பார்த்தவனுக்கு அது சம்பளத்தோடு வந்த வேலை.

பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னியில் எஞ்சின்கள் மண்ணெண்ணெயில் ஓடியதைப் பலரும் எழுதிவிட்டார்கள். சில்லுகள் எப்படி ஓடின என்பதை எவரும் எழுதியதாக எனக்கு நினைவில்லை. புதிய ரியூப் என்பது கனவாக இருந்த அந்த ஆண்டுகளில், ஒட்டின் மேல் ஒட்டுப் போட்டே ஓடினோம். ஒட்டுகளைக் கழித்துப் பார்த்தால் ரியூப் மிஞ்சாது என்று எங்கள் ஊர்த் திருத்துநர் சொல்லிச் சிரிப்பார். ரயர் வெடித்த இடத்தில் பழைய ரயரின் பக்கச் சுவரிலிருந்து வெட்டிய துண்டொன்றை உள்ளே வைத்து, அதன் மேல் ரியூப்பைக் கிடத்தி ஓடினோம். அது பாதுகாப்பான முறை என்று சொல்லவில்லை. இன்று எவரும் செய்யவும் கூடாது. ரியூப் ரயர் எவ்வளவு வறுமையையும் பொறுத்துக்கொள்ளும் என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, கம்பிச் சில்லுக்கு ரியூப் என்று முடிவானால், அதை ஒழுங்காகப் பூட்டுவது எப்படி? பலர் ரியூப்பைப் பழிக்கும் குற்றங்களில் பாதிக்கு மேல் பூட்டியவரின் குற்றங்கள். முதலாவது, றிம் பட்டி. மறையாணிகளின் தலைகளை மூடிக் கிடக்கும் அந்த இறப்பர் பட்டி இரண்டு ரயர் காலம் உழைத்ததும் காய்ந்து வெடித்துவிடும். அதை மாற்றாமல் புதிய ரியூப் போடுவது, முட்கம்பி மேல் பாய் விரிப்பதற்குச் சமம். மறையாணிக்கு வெளியே நீண்டிருக்கும் கம்பி நுனிகளையும் அரத்தால் தேய்த்துவிட வேண்டும். இரண்டாவது, ரியூப்பின் அளவு. 3.25–19 ரயருக்கு அந்த அளவு எழுதிய ரியூப்தான் வேண்டும். சிறிய ரியூப்பை ஊதிப் பெருப்பித்தால் அது மெலிந்து எளிதில் கிழியும், பெரியதை மடித்துப் போட்டால் மடிப்பில் அறும். புதிய ரயருக்குப் பழைய ரியூப் போடுவதையும் நான் விரும்புவதில்லை. பாவித்த ரியூப் விரிந்துபோயிருக்கும். பூட்டுமுன் ரியூப்பின் மேல் முகத்துக்குப் பூசும் பவுடரைத் தூவிவிட்டால் ரயரோடு ஒட்டி உரசாது. நாங்கள் வீட்டில் எவரும் காணாமல் அதை எடுத்துப் பாவித்து ஏச்சு வாங்கியிருக்கிறோம்.

வால்வு நட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பத்துக் கடைகளில் ஒன்பதில் இதைப் பிழையாகச் செய்கிறார்கள். வால்வுத் தண்டில் உள்ள நட்டை றிம்மோடு இறுக்கிவிடுகிறார்கள். காற்றுக் குறைந்த சில்லில் பிறேக் பிடிக்கும்போது ரயர் றிம்மின் மேல் சிறிது சிறிதாக நகரும். ரியூப்பும் அதோடு நகரும். இறுக்கிய வால்வு நகர முடியாமல் அடியோடு கிழியும். அந்தக் கிழிவை ஒட்டவும் முடியாது. நட்டை மேலே ஏற்றி வால்வு மூடியோடு அணைத்து விட்டுவிட்டால், வால்வு சரிவதைக் கண்ணால் கண்டு, ரயர் நகர்கிறது, காற்றுப் போதவில்லை என்று அறிந்துகொள்ளலாம். காற்றின் அளவு எனக்கு முன் சில்லில் சதுர அங்குலத்துக்கு 20 இறாத்தல் அளவிலும், பின் சில்லில் தனியாக ஓடினால் 28உம், பின்னால் ஆள் இருந்தால் 30க்கு மேலும் தேவைப்படுகிறது. நெல் மூடை ஏற்றுபவர்களுக்கு நான் சொல்ல எதுவும் இல்லை. அவர்கள் கேட்பதும் இல்லை.

ரயரின் வயதையும் பாருங்கள். பக்கச் சுவரில் டி.ஓ.ரி. என்ற எழுத்துகளை அடுத்து வரும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். 2020இல் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் வந்தபின் ரயருக்கு நாடெங்கும் தட்டுப்பாடு ஏற்பட்ட காலத்தில், ஆண்டுக்கணக்கில் அலுமாரியில் கிடந்த ரயர்களும் புதியன என்று விற்பனையாயின. ரயரின் கட்டை தேயாமல் பொத்தான் போல நிற்கிறதே என்று நம்பிவிடக் கூடாது. ஓடாத ரயரும் காலத்தோடு இறுகி, விளிம்புகளில் நுண்ணிய வெடிப்புக் காணும்.

வேண்டிய அளவில் ரியூப் ரயர் கிடைக்கவில்லை, ரியூப்லெஸ் ரயர்தான் கடையில் இருக்கிறது என்றால் என்ன செய்வது என்று கேட்போர் உண்டு. அளவு றிம்முக்குப் பொருந்துமானால், உள்ளே ரியூப் போட்டு அதனைப் பூட்டலாம். நானும் விழுந்தெழும்பிய பிறகு அந்த ரயரை அப்படித்தான் தேயும்வரை ஓடினேன். ஆனால் அது அப்போது ரியூப் ரயர்தான். முள் ஏறினால் ரியூப் ரயர் போலவே காற்றுப் போகும், திரி செருகி அடைக்கவும் முடியாது. சில ரியூப்லெஸ் ரயர்களின் உட்புறத்தில் உள்ள வரம்புகள் ரியூப்பை உரசும், சூடும் கூடும். எனவே வேகத்தைக் குறைத்து ஓடுவது நல்லது. மறுபுறமாக, பக்கச் சுவரில் "ரியூப் ரைப்" என்றோ "ரி.ரி." என்றோ எழுதிய ரயரை வார்ப்புச் சில்லில் ரியூப் இல்லாமல் பூட்டுவதை எக்காரணம் கொண்டும் செய்யக் கூடாது. காற்றைத் தாங்கும் உட்படை அதில் கிடையாது.

கம்பிச் சில்லில் ரியூப்லெஸ் முற்றிலும் இயலாதது என்று நான் சொல்வதாக எவரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கம்பிகளை றிம்மின் நடுவில் துளைக்காமல் அதன் ஓரங்களில் கோத்து, 1987ஆம் ஆண்டிலேயே ஜேர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் அத்தகைய சில்லை வெளியிட்டது. ஆனால் அது றிம்மையே வேறாகச் செய்த வேலை. பழைய றிம்மில் பசை பூசிய வேலை அல்ல. புதிய இந்திய வண்டியொன்றின் வார்ப்புச் சில்லை வாங்கி, அச்சையும் இடைவளையங்களையும் லேத்தில் கடைந்து பழைய வண்டிக்குப் பூட்டுபவர்களையும் காண்கிறேன். தினமும் பிள்ளைகளை ஏற்றிப் பாடசாலைக்கு ஓடும் வண்டியில் அப்படியொரு பரிசோதனை வேண்டாம் என்பதே என் எண்ணம். ரியூப்லெஸ் வேண்டும் என்றால் அதற்கென்று பிறந்த வண்டியை வாங்குவது மலிவு.

ஆகவே தாங்கள் தயவுசெய்து அக்குறிப்புக்கு ஒரு திருத்தம் வெளியிட வேண்டும். ரயர் மாற்றுமுன் றிம்மில் பொறித்துள்ள எழுத்துகளை வாசிக்க வேண்டும் என்பதையும், "டபிள்யூ.எம்." என்றிருந்தால் ரியூப் கட்டாயம் என்பதையும், சிலிக்கன் அடைப்பை நம்பி வீதிக்கு இறங்கக் கூடாது என்பதையும் அதில் சேர்த்தால் போதுமானது. 2020இல் வாகன இறக்குமதி நின்ற பிறகு, கொட்டிலில் கிடந்த பழைய வண்டிகள் பல எங்கள் பகுதியில் மீண்டும் வீதிக்கு வந்தன. அவற்றை ஓட்டுவோரில் பெரும்பாலோர் இளைஞர்கள், கையடக்கத் தொலைபேசியில் பார்த்ததையும் பத்திரிகையில் வாசித்ததையும் கடைக்காரரிடம் காட்டி, "இப்படிச் செய்து தாங்கோ" என்று கேட்பவர்கள்.

கடைசியாக ஒரு சொந்த வேண்டுகோள். என் வண்டியின் பின் ரயர் இந்த மாரியைத் தாண்டாது. 3.25–19 அளவில், ரியூப் ரயர், தயாரித்து இரண்டு ஆண்டுக்கு மேற்படாதது, கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ எந்தக் கடைக்காரரிடமாவது இருந்தால் வட்டக்கச்சிச் சந்தியில் புல்லட்காரர் என்று சொல்லி அனுப்பினால் போதும். றிம் பட்டியும் சேர்த்தே வாங்குவேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற நீர்ப்பாசன உத்தியோகத்தர் ஒருவர்,
வட்டக்கச்சி, கிளிநொச்சி.